அடாப்டிவ் சஸ்பென்ஷன் உள்ள காரைத் தாழ்த்துவது: முதல் அளவிலிருந்து கடைசி கேலிபிரேஷன் வரை

அடாப்டிவ் சஸ்பென்ஷன் உள்ள காரைத் தாழ்த்தும்போது புதியவர்கள் தடுமாறுவது ஸ்பானர் பிடிக்கும் இடத்தில் அல்ல. ஸ்பிரிங் ஒழுங்காக ஏறிவிடும், வீல் அலைன்மென்ட்டும் முடிந்துவிடும். ஆனால் கார் மட்டும் தன் பழைய உயரத்தையே கணக்கில் வைத்திருக்கும். அதனால் டேம்பர் (ஷாக் அப்சார்பர்) தவறான இடத்தில் இறுகும், ஹெட்லைட் தவறான கோணத்தில் அடிக்கும். பிறகு "இந்த ஸ்பிரிங்கே சரியில்லை" என்று ஸ்பிரிங்மேல் பழி போடுவார்கள்.

இந்த வேலையில் வரிசைதான் முக்கியம். முதலில் உயரம் நிலைக்க வேண்டும். உயரத்தை நம்பி வேலை செய்யும் அலைன்மென்ட், லெவல் சென்சார் (காரின் உயரத்தைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் உணரி), ஹெட்லைட், கேமரா எல்லாம் அதற்குப் பிறகு, ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டும்.

உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது டி.சி.சி. எனப்படும் அடாப்டிவ் டேம்பர்களோடு வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் 7. அதே அடித்தளத்தில் வந்த ஆடி ஏ3, ஸ்கோடா ஆக்டேவியா, சியாட் லியோன் கார்களில் பின்பக்கம் மல்டிலிங்க் அமைப்பு (ஒவ்வொரு சக்கரத்தையும் பல தனித்தனி ஆர்ம்கள் பிடிக்கும் வகை) இருந்தால் வேலை ஏறக்குறைய இதேதான். பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ் கார்களில் போல்ட் இருக்கும் இடங்கள் மாறும், வரிசை மாறாது. காற்றுப் பை உள்ள கார்களுக்குக் கடைசிப் பகுதியைப் பாருங்கள்.

1. உங்கள் காரில் இருப்பது எந்த வகை?

அடாப்டிவ் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேறு அமைப்புகள் புழங்குகின்றன.

முதல் வகையில் காரைத் தாங்குவது சாதாரண இரும்பு ஸ்பிரிங். ஷாக் அப்சார்பர் மட்டும் மின்சாரத்தால் இறுகித் தளரும். ஃபோக்ஸ்வாகனின் டி.சி.சி., பிஎம்டபிள்யூவின் அடாப்டிவ் எம், ஆடி டிடி போன்ற கார்களில் வந்த மேக்னடிக் ரைடு எல்லாம் இந்த வகை. இதில் ஸ்போர்ட் பொத்தானை அழுத்தினால் கார் இறுகும், தாழாது. உயரத்தைத் தீர்மானிப்பது ஸ்பிரிங் மட்டுமே.

இரண்டாவது வகையில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை இருக்கும். மெர்சிடிஸ் ஏர்மேட்டிக், ரேஞ்ச் ரோவர், ஆடி ஏ6 ஆல்ரோடு போன்றவை. இவற்றில் உயரத்தைக் கம்ப்யூட்டரே வைத்துக்கொள்ளும்.

சந்தேகம் இருந்தால் முன்சக்கரத்தை முழுக்கத் திருப்பி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். சுருள் ஸ்பிரிங்கும், ஷாக்கின் பக்கவாட்டிலோ தலையிலோ ஒரு வயரும் தெரிந்தால் முதல் வகை. சுருளுக்குப் பதில் ரப்பர் பை தெரிந்தால் இரண்டாவது. வயரே இல்லையென்றால் உங்களிடம் இருப்பது சாதாரண சஸ்பென்ஷன். டாஷ்போர்டில் ஸ்போர்ட் மோடு இருப்பதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். பல கார்களில் அது ஸ்டியரிங்கையும் ஆக்சிலரேட்டரையும் மட்டுமே மாற்றும்.

2. எவ்வளவு தாழ்த்தலாம், எதைக் கொண்டு?

ஒரிஜினல் அடாப்டிவ் டேம்பரை வைத்துக்கொண்டு தாழ்த்துவதென்றால் 25 முதல் 30 மில்லிமீட்டரோடு நிறுத்திக்கொள்வது என் கருத்து. காரணங்கள் இரண்டு.

ஒன்று, டேம்பரின் தண்டு மேலும் கீழும் போகும் தூரம் ஓரளவுதான். காரை 30 மி.மீ. தாழ்த்தினால் பள்ளத்தில் விழும்போது அமுங்குவதற்கு இருந்த தூரத்தில் 30 மி.மீ. போய்விடுகிறது. அதற்கு மேல் இறக்கினால் கார் பாதி நேரம் பம்ப் ஸ்டாப் ரப்பர்மேலேயே உட்கார்ந்து ஓடும். அப்போது கம்ஃபர்ட் மோடு, ஸ்போர்ட் மோடு என்ற வேறுபாடே இருக்காது. காசு கொடுத்து வாங்கிய வசதி ரப்பர் துண்டில் போய் முட்டி நிற்கும்.

இரண்டாவது, மிச்சமிருக்கும் தூரத்துக்குள் காரைத் தாங்க வேண்டியிருப்பதால் தாழ்த்தும் ஸ்பிரிங்குகளைக் கடினமாகவே செய்வார்கள். ஸ்பிரிங்கின் கடினத்தை 20 சதவீதம் கூட்டினால் அதை அடக்கத் தேவையான டேம்பிங் வர்க்கமூலக் கணக்கில் 10 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகக் கூடும். இந்த அளவு ஏற்றத்தைத் தொழிற்சாலை டேம்பர் தன் எல்லைக்குள்ளேயே சமாளித்துவிடும். ஸ்பிரிங்கை இன்னும் கடினமாக்கிக்கொண்டே போனால் கம்ஃபர்ட் மோடில் கார் துள்ள ஆரம்பிக்கும், ஏனென்றால் அந்த மோடின் மென்மை பழைய ஸ்பிரிங்குக்காகக் கணக்கிட்டது.

பாகங்களைப் பொறுத்தவரை வழிகள் இவை. ஐபாக், எச் அண்ட் ஆர் போன்றோரின் தாழ்த்தும் ஸ்பிரிங்குகளை ஒரிஜினல் டேம்பரில் போடுவது மலிவானது, எளிது. உயரத்தைப் பின்னால் கூட்டிக் குறைக்க வேண்டுமென்றால் கே.டபிள்யூ. விற்கும் உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங் கிட் இருக்கிறது. அதிலும் டேம்பர் ஒரிஜினல்தான், ஸ்பிரிங்கின் இருக்கை மட்டும் திருகி ஏற்றி இறக்கும்படி இருக்கும். டேம்பரையும் சேர்த்து மாற்ற நினைத்தால், காரின் ஒரிஜினல் பிளக்கிலேயே சொருகும் காயில்ஓவர்கள் (ஸ்பிரிங்கும் டேம்பரும் சேர்ந்து, உயரம் மாற்றும்படி வரும் தொகுப்பு) உண்டு: பில்ஸ்டைன் பி16 டேம்ப்ட்ரானிக், கே.டபிள்யூ. டி.டி.சி. பிளக் அண்ட் பிளே. விலை அதிகம். ஆனால் 30 மி.மீ.க்கு மேல் போவதென்றால் இதுதான் முறையான வழி.

எலக்ட்ரானிக் டேம்பரைக் கழற்றி எறிந்துவிட்டுச் சாதாரண காயில்ஓவர் போட்டு, எச்சரிக்கை விளக்கை அடக்க ஒரு கேன்சலேஷன் கிட் மாட்டுவது இன்னொரு வழி. ஒரிஜினல் டேம்பர்கள் ஒழுகிச் செத்துப்போய், புதிது வாங்கும் விலை கட்டுப்படியாகவில்லை என்றால் ஒழிய இதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

ஸ்பிரிங் வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். உங்கள் காரின் முன் அச்சு எடைக்கு ஏற்றதா. டீசலுக்கும் பெட்ரோலுக்கும் எண் மாறும். எலக்ட்ரானிக் டேம்பர் உள்ள கார்களுக்குப் பொருந்தாது என்று கேட்டலாக்கின் அடிக்குறிப்பில் எங்காவது இருக்கிறதா. அந்த வரியைப் படிக்காமல் ஆர்டர் போடுபவர்களே அதிகம். விளம்பரத்தில் சொன்ன 30 மி.மீ. எந்தக் காரிலிருந்து அளந்தது. பல மாடல்களில் அடாப்டிவ் சஸ்பென்ஷன் உள்ள கார் தொழிற்சாலையிலேயே சாதாரண மாடலைவிடச் சற்றுத் தாழ்ந்துதான் வரும். சாதாரண மாடலிலிருந்து 30 என்றால் உங்களுக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு.

3. பணம் கட்டுவதற்கு முன் சட்டமும் சாலையும்

ஜெர்மனியில் இருந்தால் ஸ்பிரிங்கோடு வரும் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். டைலேகுட்டாக்டன் என்ற சான்று மட்டும் இருந்தால், மாட்டிய பிறகு டி.யூ.வி., டெக்ரா போன்ற வாகனப் பரிசோதனை அமைப்பில் காட்டிப் பொருத்தத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் காரின் சாலை அனுமதியே கேள்விக்குள்ளாகும்.

இந்தியாவில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாகவே எடுத்துச் சொன்னது. ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டுவிட்டு இறங்குவது நல்லது.

சட்டம் ஒருபுறம், சாலை ஒருபுறம். இந்தியச் சாலை காங்கிரஸ் வகுத்த வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். அதைத் தாழ்ந்த கார் மெதுவாக ஏறி இறங்கிவிடும். ஒரே ராத்திரியில் தெருவில் முளைக்கும் வேகத்தடைக்கு எந்த அளவும் கிடையாது. நீங்கள் தினமும் போகும் வழியில் அப்படி ஒன்று இருந்து, இப்போதே அடி தட்டுகிறதென்றால் தாழ்த்தும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

4. முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

காரைத் தூக்கிய பிறகு ஒரு போல்ட்டுக்காகக் கடைக்கு ஓடுவதுதான் இந்த வேலையின் பெரிய நேர விரயம்.

ஃபோக்ஸ்வாகன் சஸ்பென்ஷன் போல்ட்களில் பல, குறிப்பிட்ட டார்க்குக்கு (திருகும் விசைக்கு) இறுக்கி அதன்பின் 90 அல்லது 180 டிகிரி திருப்பும் வகை. இப்படி இறுக்கும்போது போல்ட் சற்று நீண்டுவிடும் என்பதால் அதை இரண்டாவது முறை பயன்படுத்தக் கூடாது. உங்கள் காரின் ஒர்க்ஷாப் மேனுவலைப் பார்த்து, எவை எவை புதிதாகப் போட வேண்டியவை என்று பட்டியல் எடுத்து மொத்தமாக வாங்குங்கள். டார்க் எண்களையும் அதிலிருந்தே எடுங்கள், யாரோ எங்கோ எழுதியதை நம்பாதீர்கள்.

60,000 கிலோமீட்டர் தாண்டிய காராக இருந்தால் முன்பக்க ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் டேம்பரும் சேர்ந்த தூண்) மவுன்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், தூசி உறை ஆகியவற்றையும் வாங்கிவிடுங்கள். ஸ்ட்ரட்டைப் பிரிக்கும்போது இவை எப்படியும் கைக்கு வரும். பிறகு தனியாக மாற்றுவதென்றால் அதே வேலையை முழுதாக மறுபடி செய்ய வேண்டும்.

கருவிகளில் தரமான ஸ்பிரிங் கம்ப்ரசர், டார்க் ரெஞ்ச், டிகிரி கேஜ், பல்முனை பிட் செட், ஸ்ட்ரட் பிடியை அகலப்படுத்தும் சாவி, இரண்டு ஜாக்கி, நான்கு ஸ்டாண்டு வேண்டும். இவற்றோடு, இந்தக் காரின் டேம்பர் கம்ப்யூட்டரோடு பேசக்கூடிய ஸ்கேனர். கோல்ஃபுக்கு வி.சி.டி.எஸ். போன்றது, பிஎம்டபிள்யூவுக்கு இஸ்டா, மெர்சிடிஸுக்கு சென்ட்ரி. எஞ்சின் கோளாறு மட்டும் படிக்கும் மலிவு ஸ்கேனர் இங்கே உதவாது. ஸ்கேனர் வசதியுள்ள ஒர்க்ஷாப்பை ஏற்பாடு செய்யாமல் முதல் போல்ட்டைக் கழற்றாதீர்கள்.

5. காரைத் தொடுவதற்கு முன் அளவெடுங்கள்

சமதளத்தில் நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, டேங்கை நிரப்பி, டிக்கியில் கிடக்கும் சாமான்களை இறக்கிவிடுங்கள். காருக்குள் யாரும் இருக்கக் கூடாது. காரை இரண்டு மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி நிறுத்தினால் சஸ்பென்ஷன் இயல்பாக உட்காரும்.

இப்போது நான்கு சக்கரத்திலும், சக்கரத்தின் மையத்திலிருந்து நேர்மேலே வீல் ஆர்ச்சின் கீழ் விளிம்பு வரை மில்லிமீட்டரில் அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளக்க வேண்டாம். டயர் தேய்மானமும் காற்றும் அந்த எண்ணை மாற்றிவிடும். மையத்திலிருந்து அளந்தது அப்படி மாறாது, பிறகு கேலிபிரேஷனின்போது இந்த வகை அளவே தேவைப்படும்.

பிறகு எல்லாக் கம்ப்யூட்டர்களையும் ஸ்கேன் செய்து ரிப்போர்ட்டைச் சேமித்து வையுங்கள். ஏற்கெனவே ஒரு லெவல் சென்சார் பழுதாக இருந்தால் இப்போதே தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் விட்டால் வேலை முடிந்ததும் வரும் எச்சரிக்கை பழைய கதையா, நீங்கள் செய்ததா என்று தெரியாமல் அலைவீர்கள்.

ஷாக்குகளையும் பாருங்கள். எண்ணெய் ஈரம் ஒழுகி வழிந்திருந்தால் புதிய ஸ்பிரிங் போட்டும் பயனில்லை.

கடைசியாக, லெவல் சென்சார்கள் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடியுங்கள். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்பது வழக்கமான அமைப்பு. சின்னக் கறுப்புப் பெட்டி, அதிலிருந்து ஒரு குட்டிக் கை, கையிலிருந்து லோயர் ஆர்முக்கு (சக்கரத்தைக் காரின் அடிப்பாகத்தோடு இணைக்கும் கீழ்க் கை) ஒரு மெல்லிய லிங்க். அந்தக் கை எந்தப் பக்கம் மடங்கியிருக்கிறது என்று போட்டோ எடுங்கள். இந்தப் போட்டோ உங்களுக்கு 9-ஆம் படியில் தேவைப்படும்.

6. முன்பக்கம்

பார்க்கிங் பிரேக் போட்டு, இக்னிஷனை முழுக்க நிறுத்தி, சாவியைக் காரிலிருந்து தள்ளி வையுங்கள். டேம்பர் வயர் கழன்றிருக்கும்போது இக்னிஷன் போட்டால் கோளாறுக் குறியீடு பதிவாகும். ஆபத்தில்லை, ஆனால் வீண் குழப்பம்.

கோல்ஃப் 7-இல் ஸ்ட்ரட்டின் தலையைப் பிடிக்கும் மூன்று போல்ட்கள் கண்ணாடிக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் இருக்கின்றன. அதனால் முதல் வேலை வைப்பர் கைகளைக் கழற்றுவது. கழற்றும் முன் வைப்பர் நிற்கும் இடத்தைக் கண்ணாடியில் டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள்.

காரைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, சக்கரத்தை எடுத்தபின் கீழ்க்காணும் வரிசையில் போங்கள்.

முதலில் லெவல் சென்சாரின் லிங்க்கைக் கழற்றுங்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக இது. லோயர் ஆர்ம் முழுக்கத் தொங்கும்போது அந்தச் சின்னக் கை தன் எல்லையைத் தாண்டி இழுபடும், பிளாஸ்டிக் பந்து முனை உடையும். சென்சார் ஒன்றின் விலை தெரிந்தவர்கள் இதை மறப்பதில்லை.

அடுத்து டேம்பரின் பிளக், ஏ.பி.எஸ். வயர், பிரேக் ஹோஸ் பிடிப்புகள். டேம்பர் பிளக்கின் பூட்டை நகத்தால் நெம்பாமல் மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் தூக்கி எடுங்கள். பழைய பிளாஸ்டிக் மொறுமொறுவென்று உடையும். கழற்றிய முனையை ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறையால் மூடிவிடுங்கள், மண் போகக் கூடாது.

ஆன்டி ரோல் பார் (திருப்பத்தில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) லிங்க்கை ஸ்ட்ரட்டிலிருந்து விடுவித்து, ஹப்பை (சக்கரம் மாட்டும் பகுதியை) ஸ்ட்ரட்டோடு பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றி, பிளவில் சாவியை நுழைத்துத் திருப்பினால் பிடி தளரும். ஹப் கீழே இறங்கும்போது அதை வெளிப்பக்கம் இழுத்துவிடாமல் கம்பியாலோ ஜாக்கியாலோ தாங்குங்கள். இழுபட்டால் டிரைவ் ஷாஃப்ட்டின் உள் மூட்டு பிரிந்துவிடும். பிரேக் ஹோஸில் எந்த எடையும் தொங்கக் கூடாது.

மேலே மூன்று போல்ட்டையும் எடுத்து ஸ்ட்ரட்டை வெளியே கொண்டு வந்ததும், ஸ்பிரிங்கை கம்ப்ரசரில் அமுக்குங்கள். இருக்கையிலிருந்து ஸ்பிரிங் கையால் ஆடும் அளவுக்கு அமுங்கிய பிறகே நடு நட்டைத் தொட வேண்டும். இந்த வேலையில் ஆளைக் கொல்லக்கூடிய கட்டம் இது. அமுங்கிய ஸ்பிரிங்கின் நேர் எதிரே முகத்தையோ கையையோ வைக்காதீர்கள். பழக்கம் இல்லையென்றால் ஸ்ட்ரட்டைக் கழற்றி எடுத்துப்போய் ஒர்க்ஷாப்பில் ஸ்பிரிங் மட்டும் மாற்றி வாங்கி வாருங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

நடு நட்டைக் கழற்ற ஏர் கன் வேண்டாம். தண்டை உள்ளே பிடித்துக்கொண்டு கைச்சாவியால் கழற்றுங்கள். மேக்னடிக் ரைடு உட்படப் பல அடாப்டிவ் டேம்பர்களில் மின்வயர் தண்டுக்குள்ளேயே ஓடி பிஸ்டனுக்குப் போகிறது. கன் போட்டால் தண்டு வேகமாகச் சுழலும், உள்ளே என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சாதாரண ஷாக்கில் கன் போட்டுப் பழகிய மெக்கானிக்குகள் இங்கேதான் டேம்பரைக் கெடுக்கிறார்கள்.

புதிய ஸ்பிரிங்கைப் பொருத்தும்போது அதன் வால் முனை கீழ் இருக்கையின் படியில் போய் முட்ட வேண்டும். எழுத்து நேராகப் படிக்கும்படி இருந்தால் பெரும்பாலும் ஸ்பிரிங் தலைகீழாக இல்லை என்று அர்த்தம். பம்ப் ஸ்டாப்பை வெட்டச் சொல்லி ஸ்பிரிங்கோடு வந்த காகிதத்தில் இருந்தால் மட்டும், சொன்ன அளவு மட்டும் வெட்டுங்கள். தூசி உறையை மறக்காமல் போடுங்கள்.

ஸ்ட்ரட்டை ஹப்பில் இறக்கும்போது அதன் பின்புறத் தகடு பிளவுக்குள் நேராக அமர வேண்டும், முழு ஆழத்துக்கும் இறங்க வேண்டும். அரை சென்டிமீட்டர் மேலே நின்றாலும் அந்தப் பக்கம் உயரமும் கேம்பரும் (முன்னாலிருந்து பார்க்கும்போது தெரியும் சக்கரத்தின் சாய்வு) மாறிவிடும்.

7. பின்பக்கம்

பின்னால் ஸ்பிரிங்கும் டேம்பரும் தனித்தனி. அதனால் வேலை எளிது, டேம்பரைக் கழற்றவே தேவையில்லாமல் முடித்துவிடலாம்.

இங்கேயும் லெவல் சென்சார் லிங்க்தான் முதலில். பிறகு லோயர் ஆர்முக்குக் கீழே ஜாக்கியை வைத்துத் தாங்கி, ஆர்மின் வெளிமுனை போல்ட்டைக் கழற்றி, ஜாக்கியை மெதுவாக இறக்கினால் ஸ்பிரிங் தளர்ந்து வந்துவிடும். உள்முனையில் இருக்கும் எக்ஸென்ட்ரிக் போல்ட்டின் (திருப்பினால் ஆர்ம் நகரும்படி மையம் விலகிய போல்ட்) நிலையைப் பெயின்ட்டால் குறித்துவிட்டு, அதன் பக்கம் போகாதீர்கள். அது அலைன்மென்ட்டுக்கு உரியது.

பின் ஸ்பிரிங் ஆர்மின் நடுவில் உட்கார்ந்திருப்பதால் சக்கரம் 30 மி.மீ. நகர்ந்தால் ஸ்பிரிங் அதைவிடக் குறைவாகத்தான் நகரும். புதிய ஸ்பிரிங் பழையதைவிடக் கொஞ்சம்தானே குட்டை என்று பார்த்து ஏமாறாதீர்கள். மேல், கீழ் ரப்பர் இருக்கைகள் சரியாகப் பொருந்தியிருக்கின்றனவா என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.

8. ரப்பர் புஷ் போல்ட்களை எப்போது இறுக்குவது

புதியவர்கள் அதிகம் தவறவிடும் படி இது. ஆர்ம்களில் உள்ள ரப்பர் புஷ் (போல்ட் நுழையும் மூட்டு உறை) இரும்போடு ஒட்டி வார்த்தது. அது வழுக்கிச் சுழலாது, முறுக்கிக்கொள்ளும். கார் ஸ்டாண்டில் இருந்து ஆர்ம் தொங்கும்போது போல்ட்டை முழுக்க இறுக்கிவிட்டால், காரைக் கீழே இறக்கியதும் புஷ் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் நிற்கும். அந்த முறுக்கு ஒரு கூடுதல் ஸ்பிரிங்காக வேலை செய்து காரைச் சில மில்லிமீட்டர் தூக்கிப் பிடிக்கும், சில மாதத்தில் ரப்பர் கிழியும்.

எனவே புஷ் வழியாகப் போகும் எல்லா போல்ட்டையும் முதலில் கைப்பிடி அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். பிறகு ஹப்புக்குக் கீழே ஜாக்கி வைத்து, மையத்திலிருந்து வீல் ஆர்ச் வரையிலான தூரம் புதிய உயரத்துக்கு வரும்வரை தூக்குங்கள். பழைய அளவு 370 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 30 தாழ்த்தும் ஸ்பிரிங்குக்கு 340-இல் நிறுத்த வேண்டும். அந்த நிலையில் டார்க்கும் டிகிரியும் கொடுங்கள். கார் ஸ்டாண்டைவிட்டு எழும்பத் தொடங்கினால் நிறுத்திவிட்டு, சக்கரங்களுக்கு அடியில் சாய்தளம் வைத்து இறக்கி இறுக்குவதுதான் பாதுகாப்பு.

9. லிங்க், வயர், டயர்

இப்போது சென்சார் லிங்க்குகளை மாட்டுங்கள். 5-ஆம் படியில் எடுத்த போட்டோவோடு ஒப்பிடுங்கள். குட்டிக் கை அதே பக்கம்தான் மடங்கியிருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் புரண்டு மாட்டினால் கார் அமுங்கும்போது சென்சார் எழும்புவதாகச் சொல்லும். ஸ்கேனரில் எண் வரும், கோளாறுக் குறியீடு வராமலும் இருக்கலாம், ஆனால் கார் ஓட்டுவது விநோதமாக இருக்கும். பல மணி நேரம் தேட வைக்கும் பிழை.

டேம்பர் வயரை ஒரிஜினல் பிடிப்புகளிலேயே மாட்டுங்கள். சக்கரம் போட்ட பிறகு ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, வயர் எங்கும் இழுபடவில்லை, டயரில் உரசவில்லை என்று பாருங்கள். சக்கர போல்ட்கள் கோல்ஃபில் 120 நியூட்டன் மீட்டர்.

10. உட்காரவிட்டு, அப்புறம் அலைன்மென்ட்

புதிய ஸ்பிரிங் முதல் சில நாட்களில் சில மில்லிமீட்டர் இறங்கி உட்காரும். அன்றைக்கே அலைன்மென்ட் செய்தால் ஒரு வாரத்தில் அது பழையதாகிவிடும். 150 முதல் 300 கிலோமீட்டர் வரை நிதானமாக ஓட்டுங்கள். ஆனால் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) மாறியிருக்கும் என்பதால் நெடுந்தூரப் பயணம் வேண்டாம், டயரின் உள்விளிம்பு தேயும். இந்த நாட்களில் இரவில் ஓட்டுவதானால் ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கிறதா என்று சுவரில் அடித்துப் பாருங்கள்.

பிறகு 5-ஆம் படியில் செய்ததைப் போலவே மறுபடி நான்கு அளவுகளையும் எடுங்கள். இடதுக்கும் வலதுக்கும் 5 மி.மீ.க்குள் வித்தியாசம் இருந்தால் கவலையில்லை. 10 இருந்தால் ஸ்பிரிங் இருக்கையில் சரியாக அமரவில்லை, அல்லது புஷ் முறுக்கியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். உயரம் மாற்றும் கிட் போட்டவர்கள் தங்கள் திருகல்களையெல்லாம் இங்கேயே முடித்துவிட வேண்டும்.

அலைன்மென்ட்டில் பின்பக்கம் கேம்பரும் டோவும் மாற்றலாம். முன்னால் டோதான் எளிதாக மாறும். கேம்பரை சப்ஃப்ரேமை (ஆர்ம்கள் மாட்டியிருக்கும் அடிச்சட்டத்தை) நகர்த்தி இரு பக்கமும் சமப்படுத்தத்தான் முடியும். தாழ்த்தியதால் கேம்பர் சற்று உள்சாய்வது இயல்பு. டயரைத் தின்பது அதைவிட டோதான், அதை மேனுவல் எண்ணுக்குள் கொண்டு வரச் சொல்லுங்கள்.

11. புதிய உயரத்தைக் காருக்குச் சொல்லுங்கள்

லெவல் சென்சார் சொல்வது ஒரு கோணத்தை மட்டுமே. அந்தக் கோணம் எந்த உயரம் என்பதைக் கம்ப்யூட்டர் தன் நினைவில் வைத்திருக்கும். காரைத் தாழ்த்தியதும் நான்கு பேரை ஏற்றிய காரைப்போல அதற்குத் தெரியும். சக்கரம் நடுவில் நிற்கும்போதே பாதி அமுங்கிவிட்டதாக எண்ணி டேம்பரை இறுக்கும். தாழ்த்திய பிறகு கம்ஃபர்ட் மோடிலும் கார் கட்டையாக இருக்கிறது என்ற புகாருக்குப் பல நேரம் இதுதான் காரணம்.

பேட்டரிக்குச் சார்ஜரை மாட்டிக்கொள்ளுங்கள். நடுவில் மின்னழுத்தம் இறங்கினால் கேலிபிரேஷன் பாதியில் நின்றுவிடும். கதவுகளை மூடி, யாரும் காரில் சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வி.சி.டி.எஸ்.ஸில் 14-ஆம் முகவரியில் டேம்பர் கம்ப்யூட்டர் இருக்கும். அதன் அடிப்படை அமைப்புப் பகுதியில் உயரத்தைப் பதியும்போது மையத்திலிருந்து ஆர்ச் வரையிலான அளவுகளைக் கொடுக்க வேண்டியிருக்கும். அலைன்மென்ட் முடிந்ததும் மறுபடி ஒருமுறை அளந்து, அந்தப் புதிய எண்களைக் கொடுங்கள், ஸ்பிரிங் விளம்பரத்தில் இருந்த எண்ணை வைத்துக் கழித்துப் போடாதீர்கள்.

அது முடிந்ததும் ஹெட்லைட். தானாக ஏறி இறங்கும் ஹெட்லைட்டும் பெரும்பாலும் இதே சென்சார்களைத்தான் கேட்கிறது. அதன் அடிப்படை நிலையைப் பதிந்து, பிறகு சோதனைத் திரையில் ஒளிக்கோட்டைச் சரிபார்க்க வேண்டும்.

கண்ணாடியில் லேன் கேமராவோ முன்னால் ரேடாரோ இருந்தால் அது கடைசி. கேமரா எந்த உயரத்திலிருந்து, எந்தத் திசையில் பார்க்கிறது என்பது காரின் உயரத்தையும் பின்சக்கர டோவையும் பொறுத்தது. அலைன்மென்ட்டுக்கு முன் கேமராவைச் சரிசெய்தால் அந்தக் காசு போச்சு.

12. ஓட்டிப் பார்க்கும்போது

ஒரே சாலையில், ஒரே வேகத்தில், ஒவ்வொரு மோடிலும் ஓட்டுங்கள். கம்ஃபர்ட்டுக்கும் ஸ்போர்ட்டுக்கும் தெளிவான வித்தியாசம் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் டேம்பர் பிளக்கையும் உயரப் பதிவையும் மறுபடி பாருங்கள். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் சின்னப் பள்ளத்திலும் டக்கென்று அடிக்கிறதென்றால் பம்ப் ஸ்டாப். ஸ்டியரிங் திருப்பும்போது டிங் என்ற சத்தம் வந்தால் ஸ்பிரிங் முனை இருக்கையில் அமரவில்லை, அல்லது ஸ்ட்ரட் பேரிங் போய்விட்டது.

திரும்பி வந்ததும் முழு ஸ்கேன் ஒன்று எடுத்து, வேலைக்கு முன் சேமித்த ரிப்போர்ட்டோடு ஒப்பிடுங்கள். பழைய குறியீடுகளை அழித்துவிட்டு மறுநாள் இன்னொரு முறை பாருங்கள்.

13. காற்றுப் பை உள்ள காராக இருந்தால்

இதில் ஸ்பிரிங் வாங்க வேண்டியதே இல்லை. சென்சார் லிங்க்கின் நீளத்தை மாற்றினால், கார் உயரமாக நிற்கிறது என்று நினைத்துக் கம்ப்யூட்டரே காற்றை இறக்கிவிடும். இல்லையென்றால் ஸ்கேனரில் உயரத்தின் குறிப்பெண்ணையே மாற்றலாம். ஒரிஜினல் லிங்க்கை வைத்துக்கொண்டு எண்ணை மாற்றுவதுதான் எனக்குப் பிடிக்கும். எவ்வளவு இறங்கியது என்பதற்குப் பதிவு இருக்கும், திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டு வருவதும் சுலபம்.

லிங்க் வழியில் ஒரு பொறி இருக்கிறது. கம்ப்யூட்டர் தன் பழைய உயரத்தில்தான் நிற்கிறோம் என்று நம்பிக்கொண்டிருப்பதால் ஹெட்லைட்டும் அதையே நம்பும். முன்னும் பின்னும் ஒரே அளவு இறக்கியிருந்தால் பரவாயில்லை. முன்னால் 30, பின்னால் 15 என்று இறக்கினால் காரின் மூக்கு தாழ்ந்திருப்பதே ஹெட்லைட்டுக்குத் தெரியாது, கைமுறையாகத்தான் சரிசெய்ய வேண்டும்.

இந்தக் கார்களைத் தூக்கும் முன் ஜாக் மோடைப் (கம்ப்யூட்டர் உயரத்தை மாற்றாமல் நிறுத்திவைக்கும் அமைப்பு) போட மறக்காதீர்கள். போடாவிட்டால், தூக்கிய காரைச் சமப்படுத்துவதாக எண்ணிக் கம்ப்யூட்டர் பையிலிருந்து காற்றை வெளியேற்றும். காற்றில்லாத பையின்மேல் காரை இறக்கினால் ரப்பர் மடிப்பு தவறாக விழுந்து கிழியலாம். அப்படிக் காற்று இறங்கிவிட்டிருந்தால், சக்கரம் தொங்கும் நிலையிலேயே ஸ்கேனர் வழியாகப் பையில் கொஞ்சம் காற்றை ஏற்றிவிட்டு, மடிப்பு நேராக இருப்பதைப் பார்த்த பிறகே காரை இறக்குங்கள்.